ஹல் துறைமுகத்திலிருந்து கோபாலபுரம் வரை

வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்ட தலைமுறைக்கு ரெக்கிட் கம்பெனியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ராபின் நீலம், டெட்டால், பித்தளைக்குப் பிராசோ, ஷூவுக்குச் செர்ரி பிளாஸம், தலைவலிக்கு டிஸ்பிரின் எல்லாம் அந்த வீட்டுச் சரக்கு. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹல் என்ற துறைமுக ஊர் அதன் பூர்வீகம். கேரள எக்சைஸ்காரர்கள் பல ஆண்டுகளாகப் பிடித்துவரும் ஒரு கண்ணாடிக் குப்பிக்கும் அதே ஊர்தான் பூர்வீகம். விரல் நீளம், உள்ளே 2 மில்லி தெளிந்த நீர். அந்த நீரில் கரைந்திருக்கும் மருந்து 0.6 மில்லிகிராம், ஓர் உப்புக்கல்லுக்கும் குறைவு. அதன் பெயர் புப்ரெனார்பின்.

டிஸ்பிரின் விற்றுக் காசு பார்த்த கம்பெனிக்கு 1950-களில் இன்னொரு ஆசை வந்தது. மார்பின் போல வலியைக் கொல்ல வேண்டும், மார்பின் போல ஆளைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. உலகத்து வேதியியலாளர்கள் அரை நூற்றாண்டாகத் துரத்திய மான் அது. ஹெராயினே இருமலுக்கான சாதுவான மருந்தென்று விளம்பரமாகி வந்ததுதான் என்பதால், இந்த விஷயத்தில் மருந்துக் கம்பெனிகளின் வாக்கை யாரும் எளிதில் நம்புவதில்லை.

அபினிக்குள் மார்பின், கோடீன் தவிர தீபைன் என்றொரு சரக்கும் உண்டு. தனியே அதனால் வலி போகாது. அளவு கூடினால் வலிப்புதான் வரும். யாருக்கும் வேண்டாத அந்தத் தீபைனைக் கையில் எடுத்தவர் கென்னத் பென்ட்லி. அதன் மேல் புதிய வளையங்களைக் கட்டிப் பார்த்தார். 1960-இல் எடின்பரோவின் மக்ஃபார்லன் ஸ்மித் ஆய்வகத்தில் அவரது குழுவினர் எடார்பினைச் செய்தார்கள். ஆய்வகத்துக் கண்ணாடிக் குச்சியால் யாரோ தேநீரைக் கலக்க, குடித்தவர்கள் மயங்கி விழுந்தார்களென்று ஒரு கதை உண்டு. மார்பினைவிட ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் வீரியம். மனிதனுக்கு ஆகாது என்று அதை ஊசித் துப்பாக்கியில் ஏற்றி யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் கொடுத்தார்கள். அண்ணன் மருந்து அப்படி. தம்பி புப்ரெனார்பின் 1966-இல் ஹல்லில் பிறந்தது. ஜான் லூயிஸ் என்ற வேதியியலாளரும் கூட்டாளிகளும் செய்த அதற்கு ஆய்வகத்தில் ஆர்எக்ஸ் 6029 என்று பெயர்.

தம்பியின் குணம் விசித்திரமானது. மூளையில் மார்பினும் ஹெராயினும் போய் உட்கார ஓபியாய்டு ஏற்பிகள் என்ற இடங்கள் இருக்கின்றன. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். புப்ரெனார்பின் அந்த ரகம். முதலில் இடத்தைப் பிடிக்கும், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரையும் எழுப்பிவிடும், பிறகு ஒரு நாள் ஒன்றரை நாள் எழுந்திருக்காது. ஆனால் உட்கார்ந்துகொண்டு அது செய்வது பாதி வேலைதான். ஹெராயின் ஏற்பியை முழுதாக முடுக்கும். இது ஓரளவுக்கு முடுக்கி நின்றுவிடும். அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் மூச்சை அடக்கும் விளைவு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. ஹெராயினில் சாகிறவர்கள் மூச்சு நின்றுதான் சாகிறார்கள் என்பதால் இந்தப் பாதி வேலைக்கு இத்தனை மதிப்பு. சாராயமோ டயஸிபாம் மாத்திரையோ கூடச் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இதை அடிக்கோடிட்டுத்தான் சொல்ல வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சேர்த்து எடுப்பதுதான் வழக்கம்.

1978-இல் இங்கிலாந்தில் டெம்ஜெசிக் என்ற பெயரில் ஊசியாக விற்பனைக்கு வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கு 0.3 மில்லிகிராம் போட்டால் 10 மில்லிகிராம் மார்பின் போட்டது போல. நான்கு ஆண்டுகளில் நாக்கின் அடியில் வைக்கும் 0.2 மில்லிகிராம் மாத்திரையும் வந்தது. விழுங்கினால் ஈரல் அதைப் பெரும்பாலும் சிதைத்துவிடும். நாக்கின் அடியில் கரைந்தால் நேரே ரத்தத்தில் சேரும். அதே 1978-இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் ஆய்வு மையத்தில் டொனால்ட் ஜசின்ஸ்கியும் சகாக்களும், ஓபியாய்டு பழகிய கைதிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வலி மருந்தாக வந்த இது போதை அடிமைத்தனத்துக்கே மருந்தாகலாம் என்பது அதன் சாரம். கைதிகளை வைத்துச் சோதிப்பதை இன்று யாரும் ஒப்பமாட்டார்கள். ஆனாலும் மருந்தின் இரண்டாவது வாழ்க்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரெக்கிட் கம்பெனிக்கு அதில் அவசரமில்லை. வலிச் சந்தையில் போதைக்காரர்களின் பெயர் ஒட்டிக்கொள்வதை எந்தக் கம்பெனி விரும்பும்? போதைக்காரர்கள் காத்திருக்கவில்லை. 1980-களில் நியூசிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் டெம்ஜெசிக் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார்கள். 1989-இல் ஐ.நா.வின் 1971-ஆம் ஆண்டு மனமாற்றப் பொருள் உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் அதன் பெயர் ஏறியது.

இந்தியாவுக்கு அது வந்த நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1985-இல் நாடாளுமன்றம் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அபினி வகை எல்லாவற்றுக்கும் கடும் தண்டனை, உரிமத்துக்கு மேல் உரிமம். மருத்துவமனைகள் பயந்துபோய் மார்பின் வாங்குவதையே நிறுத்தின. நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு 1997-இல் வெறும் 18 கிலோவாகக் குறைந்தது. உலகத்துக்கே சட்டப்படி அபினி விளைவித்துக் கொடுக்கும் நாட்டில் புற்றுநோயாளி சுவரில் தலையை முட்டிக்கொண்டு செத்தார்.

புப்ரெனார்பின் அந்தக் காலத்தில்தான் உள்ளே வந்தது. சன் பார்மாவின் டிடிஜெசிக், யூனிகெமின் நார்பின், லூபினின் லூபிஜெசிக் என்று உள்நாட்டுப் பெயர்கள். சட்டத்தின் கண்ணில் அது 'நார்காட்டிக்' அல்ல, 'சைக்கோட்ரோபிக்'. மார்பினுக்குத் தேவைப்பட்ட உரிமங்களின் வரிசை இதற்குத் தேவைப்படவில்லை. மருந்துச்சீட்டு இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் பல கடைகளில் கிடைத்தது. மார்பின் கிடைக்காத டாக்டருக்கு இது கைகொடுத்தது உண்மை. பிரவுன் சுகர் என்ற கலப்பட ஹெராயின் கிடைக்காதவனுக்கும், அதன் விலை கட்டுப்படியாகாதவனுக்கும் அதே கடையில் அதே குப்பி கிடைத்தது. ஒரு சட்டம் முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்தது என்பதே இந்தக் கதையில் என் முதல் புகார்.

1990-களில் சென்னை, டெல்லி, கொல்கத்தா மூன்றிலும் பிரவுன் சுகரைப் புகைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசிக்கு மாறினார்கள். டிடிஜெசிக்கோடு அவில், கால்ம்போஸ் கலந்து ஒரே சிரிஞ்சில் ஏற்றுவது வாடிக்கை. அவில் ஒவ்வாமைக்கான மருந்து, கால்ம்போஸ் டயஸிபாம். தனியே குறைந்த போதை தரும் புப்ரெனார்பினை இவை தூக்கிக்கொடுக்கும், நரம்பையும் அரிக்கும். முழங்கை நரம்பு முதலில் கயிறுபோல் தடித்து மூடிக்கொள்ளும், பிறகு மணிக்கட்டு, புறங்கை, கணுக்கால் என்று இடம் தேடி கடைசியில் தொடை இடுக்குக்கு வருவார்கள். அங்கே ஊசி தவறினால் சீழ்க்கட்டி, சில சமயம் கால். ஊசியைப் பகிர்ந்ததில் எச்.ஐ.வி. பரவியது. சென்னையில் மனநல மருத்துவர் எம். சுரேஷ் குமார் போன்றவர்கள் தெருவுக்குப் போய் இவர்களைக் கணக்கெடுத்து எழுதியதால்தான் வெளியே தெரிந்தது. இந்தக் கதையில் இன்னொரு சுரேஷ் குமாரும் வருகிறார், கோழிக்கோட்டுக்காரர், அவர் வலிப் பக்கம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதே ஆண்டுகளில் டெல்லியில் ஷரண் என்ற தொண்டு நிறுவனம் எதிர்த் திசையில் யோசித்தது. ஊசியில் ஏற்றுகிறார்களே, அதே மருந்தை நாக்கின் அடியில் நாம் வைத்தால்? 1993 வாக்கில் குடிசைப் பகுதிகளில் சிறு மாத்திரையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். டெல்லி எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையமும் அதே பாதையில் வந்தது. 1999-இல் 0.4, 2 மில்லிகிராம் மாத்திரைகளுக்கு மத்திய அனுமதி கிடைத்தது. ரூசான் பார்மாவின் அட்நோக் அதில் பழைய பெயர். பிறகு ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் சேர்த்த மாத்திரை வந்தது. 2 மில்லிகிராம் புப்ரெனார்பினுக்கு அரை மில்லிகிராம் நலாக்சோன். நாக்கின் அடியில் வைத்தால் நலாக்சோன் சும்மா கிடக்கும். கரைத்து நரம்பில் ஏற்றினால் விழித்துக்கொண்டு வாந்தி, நடுக்கம், உடல்வலி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பும். அதற்குப் பயந்தாவது ஊசி போடமாட்டார்கள் என்பது கணக்கு. கணக்கு முழுவதும் பலிக்கவில்லை, பாதி பலித்தது. இந்த மாத்திரையைச் சாதாரண மருந்துக்கடையில் விற்கக் கூடாது, போதைச் சிகிச்சை மையங்களுக்கு மட்டுமே தர வேண்டும் என்பது நிபந்தனை. 2007-08 முதல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அரசுத் திட்டமாக நடத்துகிறது.

மையத்தில் நடப்பது இதுதான். காலையில் வந்தவர் கையெழுத்துப் போடுவார். நர்ஸ் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து நசுக்குவார். முழு மாத்திரையாகத் தந்தால் கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய் விற்றுவிடுவார்கள் என்பதால் பொடியாக்குவது. நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் கொட்டுவார். கசப்பு. எச்சிலை விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடம் வரிசையாக பெஞ்சில் பத்துப் பேர் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் வாயைத் திறந்து காட்ட வேண்டும், பொடி இல்லையென்றால் போகலாம். எட்டரை மணிக்கு முடித்துவிட்டு ஒன்பதுக்கு லாரி ஷெட்டில் நிற்பவர்கள் உண்டு. அவர்கள் கண் சொருகுவதில்லை, தள்ளாடுவதில்லை. சிகிச்சை நடக்கிறதென்பதற்கு அதுதான் அடையாளம்.

முதல் நாள் மட்டும் கடினம். கடைசியாக ஹெராயின் எடுத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், மூக்கொழுகல், கொட்டாவி, வயிற்றைப் புரட்டல் தொடங்கியிருக்க வேண்டும். ஹெராயின் ஏறியிருக்கும்போதே இதை வைத்தால், உட்கார்ந்திருப்பவரை இது எழுப்பிவிடும் என்று சொன்னேனே, அது நடக்கும். பத்து நிமிடத்தில் ஆள் துடித்துப்போவார், இந்த மாத்திரை பக்கமே இனி வரமாட்டார். அவசரப்பட்டு வீட்டில் முயற்சி செய்கிறவர்கள் தோற்பது இங்கேதான்.

கொங்குப் பக்கத்து அம்மாக்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏனுங்க சிஸ்டர், இந்த மாத்திரயத்தான் எப்பங்க நிறுத்துவீங்க?" அனுபவப்பட்ட சிஸ்டரின் பதிலும் ஒன்றுதான்: "அத அப்புறம் பார்க்கலாங்கம்மா. பையன் வேலைக்குப் போறானுங்களா, மொதல்ல அதச் சொல்லுங்க." அந்தப் பதிலில் மருத்துவம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் மாத்திரையை நிறுத்தி 'சுத்தமாக்கி' அனுப்பினால் பெரும்பாலோர் திரும்பவும் விழுகிறார்கள். விழும்போது உடல் பழைய அளவைத் தாங்காது. சாவு அங்கே காத்திருக்கிறது. மாதங்கள், ஆண்டுகள் என்று தொடர்ந்தவர்கள்தான் பிழைக்கிறார்கள். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்கிறவர்கள் பிரான்சைப் பார்க்க வேண்டும். 1996 முதல் அங்கே சாதாரணக் குடும்ப டாக்டரே இதை எழுதிக்கொடுக்க விட்டார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையே ஹெராயின் அதிக அளவுச் சாவுகள் 79 சதவீதம் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கா மட்டும் இதை எழுத டாக்டர்களுக்குத் தனி அனுமதி வேண்டுமென்று 2002-இலிருந்து இழுத்தடித்து 2023-இல்தான் கைவிட்டது. இடையில் ரெக்கிட்டிலிருந்து பிரிந்த இன்டிவியர் கம்பெனி, இம்மருந்தை விற்ற விதத்துக்காக அங்கே வழக்கில் சிக்கியது. பழைய தாய்க் கம்பெனி 2019-இல் 140 கோடி டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. வேட்டி நீலக் காலத்து மானம் அத்தோடு போனது.

இனி கேரள-தமிழ்நாடு எல்லைக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரிய வாசல். தேசிய நெடுஞ்சாலையும் ரயிலும் வாளையாறு வழியே அதில் நுழைகின்றன. அதற்குத் தெற்கே வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று சின்னச் சின்ன சோதனைச் சாவடிகள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளில் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு. தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் பெண்கள் மலையேறுகிறார்கள், மாலையில் இறங்குகிறார்கள். இந்த மலை ஒரு காலத்தில் கஞ்சாவுக்குப் பேர்போனது. இடுக்கிக் கஞ்சா கீழே இறங்கி ஊரெங்கும் போனது. 1980, 90-களில் தோட்டங்களை அழித்தபிறகு திசை மாறிவிட்டது. இப்போது ஆந்திர, ஒடிசா எல்லையிலிருந்து சரக்கு தமிழ்நாடு வழியே மேலே ஏறுகிறது.

புப்ரெனார்பின் குப்பிக்கு இந்தக் காட்டு வழியெல்லாம் தேவையில்லை. அது விளைவதில்லை. உரிமம் பெற்ற தொழிற்சாலையில் பேட்ச் எண், காலாவதித் தேதியோடு உற்பத்தியாகிறது. எங்கோ ஒரு மொத்தக் கடைக் கணக்கிலிருந்து நழுவி, பையில் துணிக்கு நடுவே ரயிலில் வருகிறது. மணமில்லை, இடம் அடைக்காது. கஞ்சாப் பொட்டலத்தைத் தேடிப் பழகிய கைக்கு அது மருந்துப் பெட்டியாகவே தெரியும். கேரளத்தில் அதன் பெரிய சந்தை கொச்சியாக இருந்தது. பாலக்காடு கடந்துபோகும் வழி.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதைக் கேரளத்து வழக்கு ஒன்று காட்டும். 110 குப்பியோடு பிடிபட்ட ஒருவர் நீண்ட சிறைத் தண்டனைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். 2004 தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. நீதிபதிகள் கணக்குப் போட்டார்கள்: குப்பிக்கு 2 மில்லி, மில்லிக்கு 0.3 மில்லிகிராம், ஆக மொத்தம் 66 மில்லிகிராம். சட்டம் சொல்லும் 'சிறு அளவு' 1 கிராம். இது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆள் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தார் என்று ஏற்றுத் தண்டனையைக் குறைத்தார்கள். 2020-இல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, கலவையில் போதைப்பொருளை மட்டும் பிரித்து எடை பார்க்கக் கூடாது, மொத்த எடையையும் பார்க்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. அந்த அளவுகோலைக் குப்பிக்குப் பிடித்தால் நீரும் எடைதான். வணிக அளவு 20 கிராம், அதாவது பத்தே குப்பி, உள்ளே மருந்து 6 மில்லிகிராம். தண்டனை பத்து ஆண்டில் தொடங்கும். பெரிய வியாபாரியைப் பிடிக்கப் போட்ட வலை இது என்கிறார்கள். பத்துக் குப்பி என்பது ஊசிப் பழக்கம் முற்றிய ஒருவனின் சில நாள் தேவை என்பதைப் பார்த்தால் வலையில் யார் விழுவார்களென்று எனக்குச் சந்தேகமில்லை.

2014 மார்ச்சில் மருந்துக்கடைப் பக்கமும் ஒரு பூட்டுப் போட்டார்கள். எச்1 பட்டியல் என்று 46 மருந்துகள். புப்ரெனார்பின் விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு டிராமடால் பக்கம் சிலர் ஓடினார்கள்; 2018-இல் அதையும் என்.டி.பி.எஸ். பட்டியலில் சேர்த்தார்கள். இன்று இந்தச் சாவடிகளில் பேச்செல்லாம் எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருள் பற்றித்தான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: எம்.டி.எம்.ஏ.வுக்கும் கஞ்சாவுக்கும் குடிக்கும் புப்ரெனார்பின் மாத்திரையால் ஒரு பயனுமில்லை. ஹெராயின், அபினி, டிராமடால், டிடிஜெசிக் ஊசி வகையறாவுக்கு மட்டும்தான்.

வலிப் பக்கம் வேறு கதை, நல்ல கதை. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து நிபுணர் எம்.ஆர். ராஜகோபாலும் அந்த இன்னொரு சுரேஷ் குமாரும் நண்பர்களும் வலி நிவாரணச் சங்கம் தொடங்கினார்கள். மார்பினை மாத்திரையாக வீட்டுக்கே கொண்டுபோனார்கள். மாநில விதிகள் தளர்ந்தன, 2008-இல் கேரளம் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையே அறிவித்தது. இன்று பஞ்சாயத்துக்கொரு பாலியேட்டிவ் நர்ஸ், வீடு வீடாகப் போகும் ஜீப். 'பாலியேட்டிவ்காரங்க வந்திருக்காங்க' என்பது மறையூரிலும் சித்தூரிலும் தமிழர் வாயில் சாதாரணச் சொல். மத்தியச் சட்டம் திருந்த 2014 ஆனது.

இந்த ஜீப்பில் முதலிடம் மார்பினுக்குத்தான், அது நியாயம். புப்ரெனார்பினுக்கென்று சில இடங்கள் உண்டு. சிறுநீரகம் கெட்டவருக்கு மார்பினின் கழிவு உடம்பில் தேங்கும்; இது ஈரல் வழியே போய்விடுவதால் டயாலிசிஸ் நோயாளிக்கு ஏற்றது. விழுங்க முடியாதவருக்குத் தோலில் ஒட்டும் பட்டை இருக்கிறது. மணிக்கு 5, 10, 20 மைக்ரோகிராம் என்று கசியும், ஏழு நாளுக்கு ஒன்று. மேல்கையிலோ முதுகிலோ ஒட்டுவார்கள். எடுத்த இடத்தில் மூன்று வாரம் திரும்ப ஒட்டக் கூடாது. மலைக்குளிருக்கு அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்துவிடுவார்கள், அது ஆபத்து. சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். எடுத்த பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும், குழந்தை கைக்கு எட்டாமல் இரண்டாக மடித்து ஒழிக்க வேண்டும்.

இரண்டு பாதையும் ஒரே ஆளிடம் சந்திப்பதும் உண்டு. போதைச் சிகிச்சைக்காக மாத்திரை எடுத்துவருபவர் ஏல மலையில் சறுக்கிக் காலை உடைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். பல வார்டுகளில் முதலில் செய்வது அந்த மாத்திரையை நிறுத்துவது. தவறு. மாத்திரையைத் தொடர வேண்டும், அதே நாள் அளவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துத் தரலாம். ஏக்கத்தை அது ஒரு நாள் முழுக்க அடக்கும், வலியை ஆறெட்டு மணி நேரம்தான் அடக்கும். போதாவிட்டால் மேலே வேறு வலி மருந்து. 'இவன் போதைக்காரன், வலியென்று நடிக்கிறான்' என்று சொல்லும் வாயைத்தான் அங்கே முதலில் மூட வேண்டியிருக்கிறது.

கேரள அரசு 2018 முதல் விமுக்தி திட்டத்தில் மாவட்டத்துக்கொரு போதைச் சிகிச்சை மையம் வைத்திருக்கிறது. பாலக்காட்டுக்கு அட்டப்பாடி கோட்டத்தறைப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை, இடுக்கிக்குச் செறுதோணி. வரைபடத்தில் சரிதான். கொழிஞ்சாம்பாறைக்காரர் தன் மாவட்டத்து மையத்துக்குப் போகக் கோயம்புத்தூர் வந்து ஆனைகட்டி ஏறிப் போவதே கிட்ட, அதாவது மாநில எல்லையை இரண்டு முறை தாண்ட வேண்டும். மறையூரிலிருந்து செறுதோணி ஏறக்குறைய 100 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. தினமும் காலை எட்டரைக்கு நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டிய சிகிச்சைக்கு இது தூரமில்லை, மறுப்பு. வீட்டுக்குச் சில நாள் மாத்திரை கொடுத்தனுப்பினால் விற்றுவிடுவார்கள் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் 2020 ஊரடங்கில் வேறு வழியின்றி நாடு முழுக்க மையங்கள் அப்படித்தான் கொடுத்தனுப்பின. பஞ்சாப் இன்று பெரிய அளவில் அதைச் செய்கிறது, குறைகளோடுதான்.

எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஓபியாய்டு எடுப்போர் 2.26 கோடி, அதில் சிகிச்சை தேவைப்படும் நிலையில் 77 லட்சம், ஊசி போட்டுக்கொள்வோர் 8.5 லட்சம். வாளையாறிலிருந்து சின்னாறு வரை எத்தனை சாவடி உண்டோ, அத்தனை இடத்தில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரைக்கென ஒரு மேசை போடலாம். பூட்டுள்ள ஓர் அலமாரி, பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு பதிவேடு. பாலியேட்டிவ் ஜீப்பை மலைமேல் ஏற்றத் தெரிந்த அரசுக்கு இது ஒன்றும் புதிய வித்தையல்ல. சாவடியில் பிடிப்பதற்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும் என்று நினைக்கிறேன். வேலையும் அதுதான் அதிகம் செய்யும்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் போலீசுக்குப் பயந்து மறைத்துவைக்க வேண்டாம். தன் உபயோகத்துக்காகவோ சிறு அளவோடோ மாட்டியவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. நடுவில் விட்டுப் போனால் விலக்கும் போய்விடும். போதை சிகிச்சைக்கான தேசிய இலவச உதவி எண் 14446. கூப்பிட்டதும் கேட்க வேண்டியது ஒன்று: நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும்?